தையல் கடைக் குப்பையில் ஒரு மெத்தை!

மாலை நேரத்தில் தையல் கடைக்குப் போயிருக்கிறீர்களா? எந்திரத்தின் காலடியில் துண்டுத் துணிகள் குவிந்து கிடக்கும். சட்டையில் மிஞ்சியது, ரவிக்கையில் மிஞ்சியது, பாவாடையில் மிஞ்சியது என்று எத்தனை நிறம்! கடையைப் பூட்டுமுன் எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

திருப்பூரில் பனியன் துணித் துண்டுக்கு விலை உண்டு. எந்திரம் துடைக்க மூட்டை மூட்டையாக வாங்கிப் போகிறார்கள். ஆனால் தெருமுனைத் தையல் கடையின் துண்டுத் துணியை யார் கேட்பார்கள்?

வாயில்லாத ஜீவன்கள் கேட்கின்றன!

வெள்ளத்தில் வந்த குட்டிகள்

1959-ம் ஆண்டு சென்னையில் மழை வெள்ளம். நீரில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி.சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அவர் குடும்பம் தொடங்கிய தொண்டுதான் 'புளூ கிராஸ்' என்ற அமைப்பாக வளர்ந்தது.

இன்று பல ஊர்களில் இத்தகைய காப்பகங்கள் இருக்கின்றன. வண்டியில் அடிபட்ட நாய், வீட்டார் கைவிட்ட நாய், தாயை இழந்த பூனைக்குட்டி எல்லாம் அங்கே வந்து சேருகின்றன.

தரை தரும் புண்

காப்பகங்களில் பெரும்பாலும் சிமெண்டுத் தரைதான். கழுவிவிட அதுவே வசதி. ஆனால் படுப்பதற்கு?

இடுப்பு முறிந்த நாய் ஒரே பக்கமாகக் கிடக்கும். முழங்கையும் இடுப்பு எலும்பும் தரையில் அழுந்தும். தோல் தேயும், பிறகு புண்ணாகும். எலும்பு கூடினாலும் அந்தப் புண் எளிதில் ஆறாது.

குட்டிகளின் நிலை இன்னும் பரிதாபம். நாய்க்குட்டி கண் திறக்கவே 10 முதல் 14 நாள் ஆகும். முதல் வாரத்தில் அதற்குக் குளிரில் நடுங்கக்கூடத் தெரியாது. தாயின் வயிற்றுச் சூடுதான் அதற்குக் கம்பளி. உடம்பு குளிர்ந்துவிட்டால் குடித்த பாலும் செரிக்காது. தாயில்லாக் குட்டிக்குக் கீழே ஒரு மெத்தை இருப்பது உயிர்ப் பிரச்சினை!

தைப்பது எப்படி?

வளர்ந்த நாய்க்கு 3 அடி நீளம், 2 அடி அகலம் போதும். பூனைக்கு ஒன்றரை அடிச் சதுரம்.

பழைய வேட்டியையோ போர்வையையோ பையாகத் தையுங்கள். பருத்தியாக இருந்தால் ஈரத்தை உறிஞ்சும். துண்டுத் துணிகளைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, விரல் நீளத்துக்கு வெட்டிப் பைக்குள் பரப்புங்கள். 2 அங்குலக் கனம் இருக்கட்டும். அதற்கு மேல் திணித்தால் துவைத்த பிறகு காயாது. வாயை மூடி, குறுக்கும் நெடுக்குமாகச் சில தையல் ஓட்டினால் துணி ஒரு மூலையில் சேராது.

தலையணை உறைபோல ஓர் உறையும் போடுங்கள். அழுக்கானால் அதை மட்டும் கழற்றித் துவைக்கலாம்.

நூலே எமன்!

பொத்தான், கொக்கி, ஊசி, ஜிப்பு எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. தொங்கும் நூலை ஒட்ட நறுக்கிவிடுங்கள். பூனையோ நாயோ நீள நூலை விழுங்கினால் குடல் சுருங்கி அறுபடும். அன்போடு தைத்த மெத்தையே உயிரைக் குடித்துவிடும்! விளிம்புகளுக்கு இரட்டைத் தையல் அவசியம்.

எறிந்தாலும் நஷ்டமில்லை

'பார்வோ' என்ற கொடிய வயிற்றுப்போக்கு நோய் வந்த குட்டி படுத்த துணியில் நோய்க் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த மெத்தையை அப்புறப்படுத்துவதே நல்லது. கடையில் வாங்கிய விலை உயர்ந்த மெத்தையை எறிய மனம் வருமா? குப்பைக்குப் போக இருந்த துணியில் தைத்தது என்றால் தயங்க வேண்டியதில்லை. துண்டுத் துணி மெத்தையின் பெருமையே அதுதான்.

கொடுப்பதற்கு முன் காப்பகத்தாரைக் கேளுங்கள். எந்த அளவு வேண்டும், எத்தனை வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். சில இடங்களில் மெத்தையைவிடப் பழைய துண்டுகளும் விரிப்புகளும்தான் தேவைப்படும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே தைத்துவிட்டால் நல்லது. போகி அன்று தீயில் போடவென்று கட்டி வைத்த பழந்துணி மூட்டையை இப்போதே அவிழ்த்துப் பாருங்கள், தாய்மார்களே! அதற்குள் நாலு குட்டிகளின் படுக்கை இருக்கும்.