பார்க்காமலே எடைபோட்ட துணை

2011-இல் மேத்யூ பெயில்ஸ் குழுவினர், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி பிடித்த துடிப்புகளிலிருந்து ஒரு மில்லிநொடிப் பல்சரை, அதாவது மிக வேகமாகச் சுழன்று துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீனை, அறிவித்தார்கள். பெயர் ஜே1719-1438. நொடிக்கு ஏறத்தாழ 173 முறை சுழல்கிறது. அதற்கு ஒரு துணை இருப்பது எப்படித் தெரிந்தது?

துடிப்புகள் சற்று முந்தியும் சற்றுப் பிந்தியும் வந்தன. இந்த ஏற்ற இறக்கம் 2 மணி 10 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பியது. அளவு 1.8 மில்லிநொடிதான், ஒளி அதற்குள் கடப்பது சுமார் 550 கி.மீ. அதாவது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று பல்சரை அந்த அளவுக்கு இப்படியும் அப்படியும் இழுக்கிறது. கணக்கிட்டால் அதன் நிறை ஏறக்குறைய வியாழனுடையது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம்தான். இரண்டுக்கும் இடையே சுமார் 6 லட்சம் கி.மீ.; சூரியனின் ஆரத்தைவிடக் குறைவு. அவ்வளவு நெருக்கத்தில் வியாழன் போன்ற வாயு உருண்டையைப் பல்சரின் ஈர்ப்பு பிய்த்தெறிந்துவிடும். சிதறாமல் நிற்க வேண்டுமானால் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குக் குறைந்தது 23 கிராம் இருக்க வேண்டும். ஈயம்கூட 11.3-தான்!

அப்படியானால் அது என்ன? பெரும்பாலும் ஒரு வெண்குறுமீனின், அதாவது எரிந்து முடிந்த விண்மீனின் அடர்ந்த உள்ளகத்தின், எச்சம். தன் பொருளைப் பல்சருக்குக் கொட்டி, அதை இவ்வளவு வேகமாகச் சுழலவைத்ததே இதுதான் என்று கருதுகிறார்கள். மிஞ்சியது கார்பன் மிகுந்த உள்ளகம். அந்த அழுத்தத்தில் அது படிகமாகியிருக்கலாம். பத்திரிகைகள் "வைரக் கோள்" என்று கொண்டாடியது இதனால்தான்.