புளி கரைக்கத் தெரிந்தவர்களுக்குப் பீர்க்கங்கூடு

புளியை ஊறவைத்துக் கரைத்தால் சதை தண்ணீரோடு போய்விடும். நாரும் கொட்டையும் கையில் மிஞ்சும். குழம்புக்குச் சாறு, குப்பைக்கு நார். குளிக்கும்போது உடம்பு தேய்க்கும் பீர்க்கங்கூட்டை எடுப்பதும் இதே வேலைதான். சாற்றைக் கொட்டிவிட்டு நாரை வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த நார் வேறொன்றுமில்லை. கொடியிலிருந்து நீரையும் உணவையும் காய்க்குள் கொண்டுசேர்க்கும் குழாய்கள். பிஞ்சில் அவை மெல்லியவை, சதையோடு சேர்ந்து குழைந்து வெந்துவிடும். காய் முற்ற முற்ற அவற்றின் சுவரில் லிக்னின் படிகிறது. மரத்துக்கு உறுதி தருவதும் இதே பொருள்தான். முற்றின பீர்க்கங்காயைக் கூட்டு வைத்தால் வாயில் சக்கை மிஞ்சுவது இதனால்தான்.

வரிப்பீர்க்கிலும் கூடு கிடைக்கும். ஆனால் வழவழப்பான தோலுள்ள நுரைப்பீர்க்குதான் இதற்கு வாகானது. ஆடியிலோ தையிலோ விதை ஊன்றி, வலுவான பந்தலில் ஏற்றுங்கள். நல்ல காய்கள் சிலவற்றைக் கூடு எடுக்கவென்று விட்டுவிட்டு மற்றதைப் பிஞ்சிலேயே சமையலுக்குப் பறித்துவிடலாம்.

பலரும் அவசரப்படுவது பறிப்பதில்தான். பச்சை மாறி, மஞ்சளாகி, பழுப்பேறி, காய் கனமிழக்க வேண்டும். ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். ‘புளியம்பழமும் ஓடும் போல’ என்பார்களே, தோலும் நாரும் அப்படி ஒட்டாமல் நிற்கிற பக்குவம் அது. கட்டைவிரலால் அழுத்தினால் தோல் மொறுமொறுவென்று உடையும். புளியங்காயை உடைத்தால் ஓட்டோடு சதையும் பிய்ந்து வருமல்லவா? முற்றாத பீர்க்கை உரித்தாலும் தோலோடு நார் கிழிந்து வரும். அடைமழைக் காலமென்றால் மட்டும் மஞ்சளானதுமே பறித்து, நனையாத இடத்தில் காற்றாடத் தொங்கவிடுங்கள். நனைந்துகொண்டே கிடந்தால் பூஞ்சை பிடித்து நார் கறுத்துவிடும்.

காயின் அடிமுனையில், பூ இருந்த இடத்தில், சிறு மூடி ஒன்று உண்டு. காய்ந்ததும் அது கழன்றுவிடும். உள்ளே நீளவாக்கில் மூன்று அறைகள். அந்த முனையைக் கீழே பிடித்துத் தட்டினால் விதைகள் பொலபொலவென்று கொட்டும். பிறகு தோலை உரியுங்கள். அடம்பிடித்தால் வெந்நீரில் சற்று ஊறட்டும். வழவழப்பு முழுக்கப் போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றிப் பிழிய வேண்டும். சதை எஞ்சினால் நாற்றமடிக்கும். அதன்பின் நல்ல வெயிலில் காய வையுங்கள். கடைச் சரக்குபோல் வெள்ளையாக இல்லையே என்று பிளீச்சிங் பவுடரைத் தேட வேண்டாம். அளவு மிஞ்சினால் நார் வலுவிழக்கும். இளம்பழுப்புதான் அதன் சொந்த நிறம்.

குளித்து முடித்ததும் கூட்டை உதறிக் காற்றில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு கிடந்தால் கிருமி பெருகும். மாதம் ஒருமுறை புதிது எடுத்துக்கொண்டு, பழையதை நறுக்கி உரக்குழியில் போட்டால் மக்கிவிடும். பிளாஸ்டிக் நாருக்கு அந்தக் குணம் கிடையாது.

கொட்டிய விதைகளை எறிந்துவிடாதீர்கள். கறுத்துத் திரண்டவற்றைப் பொறுக்கி வைத்து, அடுத்த பட்டத்துக்கு அக்கம்பக்கத்தாருக்கும் கொடுங்கள்.