பூஞ்சணத்தை எதிர்க்கும் கொழுப்பமிலம்: தேர்ந்து வாங்குவது எப்படி?

நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் பயிருக்கு உகந்தவை, பூஞ்சணத்திற்கும் உகந்தவை. படர்தாமரை, சேற்றுப்புண், தேமல் ஆகியன தோட்டப்புறங்களுக்குப் புதியன அல்ல. இவற்றைத் தீர்க்கும் என்று சொல்லிக் காப்ரிலிக் அமிலம் அடங்கிய குளிகைகள் இன்று விற்கப்படுகின்றன. அவ்வமிலம் யாது, அதைத் தேர்வது எவ்வாறு, விலக்குவது எப்போது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

பெயரும் பிறப்பும்

கொழுப்பமிலம் என்பது கரியணுக்கள் சங்கிலிபோல் கோத்து நிற்கும் ஒரு பொருள். காப்ரிலிக் அமிலத்தின் சங்கிலியில் 8 கரியணுக்கள் உள. ‘காப்ரா’ என்பது இலத்தீன் மொழியில் பெண்ணாட்டைக் குறிக்கும் சொல். ஆட்டுப்பாலில் இவ்வமிலம் இருத்தலாலும், இதன் வாடை ஆட்டு வாடையை ஒத்தலாலும் இப்பெயர் அமைந்தது. ஆயினும் வாணிகத்திற்கு இது எடுக்கப்படுவது ஆட்டுப்பாலினின்று அன்று. தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 10 பங்கும், செம்பனைக் கொட்டை எண்ணெயில் 2 முதல் 6 பங்கும் இது உண்டு. செம்பனைப் பழச்சதையினின்று பிழியும் சமையல் எண்ணெயிலோ இல்லை என்றே கூறலாம்.

இதற்கு உறவான மற்றொன்று அண்டெசிலெனிக் அமிலம். 11 கரியணுக்கள் கொண்ட இது, ஆமணக்கெண்ணெயிலிருந்து கடுஞ்சூட்டின் துணையால் பெறப்படுவது.

இடனறிதல்

பூஞ்சணத்தின் உயிரணுவைச் சூழ்ந்து மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்றுண்டு. இவ்வமிலங்கள் அச்சவ்வினுள் புகுந்து அதைக் குலைக்கின்றன. உள்ளிருப்பவை கசிந்து வெளியேறப் பூஞ்சணம் மடிகிறது. ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் இது மெய். மனித உடலோ வேறு. விழுங்கிய காப்ரிலிக் அமிலம் சிறுகுடலில் விரைந்து உறிஞ்சப்பட்டு, நேரே கல்லீரலை அடைந்து, பெரும்பாலும் அங்கேயே எரிபொருளாகச் செலவாகிவிடுகிறது. இக்குளிகையால் தோற்படை தீரும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சோதனைச் சான்று இல்லை.

மாறாக, அண்டெசிலெனிக் அமிலத்தைக் களிம்பாகவோ பொடியாகவோ சேற்றுப்புண்ணின்மேல் இடுதல் பயன் தரும் என்பது நெடுங்காலமாக மருத்துவர் ஒப்பியது. இரண்டும் ஓரினத்து அமிலங்களே; சேரும் இடம் வேறாதலின் பயனும் வேறாகிறது. வள்ளுவர் அரசர்க்கு வகுத்த இடனறிதல் மருந்துண்போர்க்கும் வேண்டுவதே.

தேரும் முறை

இவ்வளவும் அறிந்து, மருத்துவரைக் கலந்தபின் துணைப்பொருளாக வாங்க விழைவோர் நான்கினை நோக்குக.

முதலாவது, அளவு. குளிகை ஒன்றில் காப்ரிலிக் அமிலம் எத்தனை மில்லிகிராம் எனத் தனியே குறித்திருத்தல் வேண்டும். ‘தேங்காயெண்ணெய் 1,000 மில்லிகிராம்’ என்று மட்டும் எழுதியிருப்பின், அதில் இவ்வமிலம் 100 மில்லிகிராமைத் தாண்டாது என்று அறிக.

இரண்டாவது, வடிவம். தனி அமிலம் நெடியுடையது. வயிற்றைக் கலக்கக் கூடியது. கால்சிய, மக்னீசிய உப்பு வடிவங்களும் உள. ‘நடுத்தரச் சங்கிலி எண்ணெய்’ என்பது பெரும்பாலும் 8, 10 கரியணு அமிலங்களின் கலவை. அதில் ஒவ்வொன்றின் பங்கும் காட்டப்பட்டுள்ளதா என்று பார்க்க.

மூன்றாவது, உறை. பல குளிகைகளின் உறை மாடு, பன்றி, மீன் ஆகியவற்றினின்று எடுத்த ஊன்பசையால் ஆனது. புலால் மறுத்தோர் தாவர உறை எனக் குறித்ததையே கொள்க.

நான்காவது, பதிவு. மலேசியாவில் இத்தகைய பொருள் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவெண் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வெண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையப் பக்கத்தில் சரிபார்க்கலாம். சிங்கப்பூரிலோ ஊட்டப் பொருள்கள் விற்பனைக்கு முன் அரசின் ஒப்புதல் பெறுவதில்லை. தரத்திற்கு விற்போரே பொறுப்பு. பதிவெண் இருப்பினும், அது நோய் தீரும் என்பதற்கு உறுதிமொழி ஆகாது.

பதிவில்லாச் சரக்கில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தது இந்நாட்டில் பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. அஃது அரிப்பை உடனே அடக்கும். உள்ளே பூஞ்சணத்தை வளர்க்கும். ‘மூன்றே நாளில் குணம்’ என்னும் விளம்பரத்தைக் கண்டால் ஐயுறுக.

விலக்க வேண்டிய இடம்

சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவன் ஒருவனுக்குத் தலையில் படை கண்டது. கூலிப் பணத்தில் மிச்சம் பிடித்து, பெற்றோர் இரண்டு மாதம் குளிகை வாங்கிக் கொடுத்தனர். முடி திட்டுத் திட்டாக உதிர்ந்தது, தங்கைக்கும் தொற்றியது. பின்னர் மருத்துவர் தந்த உள்மருந்தாலேயே இருவரும் தேறினர். தலைப்படைக்கு மேற்பூச்சும் போதாது. மருத்துவரின் உள்மருந்து இன்றியமையாதது. கருவுற்றோரும், கல்லீரல் நோயுடையோரும் மருத்துவரைக் கேளாமல் இக்குளிகையை உண்ணலாகாது. படை மீண்டும் மீண்டும் வருவோர் இரத்தத்தில் சர்க்கரை உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

அச்சிறுவனின் தாய் காலிக் குப்பியை எம்மிடம் கொணர்ந்து, “இதில் என்னதான் எழுதியிருக்கிறது, சார்?” என்று கேட்டார். அக்கேள்வி வாங்குமுன் எழ வேண்டியது. குப்பிமேல் உள்ளதை வாசித்துப் பொருள் காணவும் நம் மாணவர்க்குக் கற்பிப்போமாக.