மளிகைக் கடைக்கு எந்த மின்சார வண்டி?

பாலாற்றங்கரை ஊர்களில் மளிகைக் கடை நடத்துவோருக்கு டி.வி.எஸ். 50 வண்டியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த அந்தச் சிறு வண்டியும், அதன் வழியில் வந்த எக்ஸ்.எல். வண்டிகளும்தான் வாணியம்பாடி முதல் மேல்விஷாரம் வரை அரிசிச் சிப்பத்தையும் எண்ணெய் டின்னையும் வீட்டு வாசலில் இறக்கி வந்தன. ஆனால் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் ஆன பிறகு, ஒவ்வொரு டெலிவரிக்கும் கணக்குப் பார்க்க வேண்டிய நிலை வந்துவிட்டது. ஆம்பூர், பேரணாம்பட்டு பகுதிகளில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்கள், ஷிப்டு முடிந்த களைப்பில் கடையில் வந்து நிற்க விரும்புவதில்லை. போனில் சொன்னால் சாமான் வீட்டுக்கு வர வேண்டும். அனுப்பாவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

எனவே மின்சார வண்டி வாங்கலாமா என்று நம் உறுப்பினர்கள் கேட்பது இயற்கையே. வாங்கலாம் என்பதே நம் கருத்து. ஆனால் கடைத்தெருவில் "எலக்ட்ரிக் வண்டி" என்று ஒரே பெயரில் விற்கப்படுவது உண்மையில் இரண்டு வேறு சாதி வண்டிகள். ஒன்று எடை குறைந்த மெதுவண்டி. மற்றொன்று முழு வலுவுள்ள வண்டி. இந்த வேற்றுமை தெரியாமல் வாங்கியவர்கள் சிலர் இப்போது இரண்டு வழியிலும் நஷ்டப்படுகிறார்கள்.

நம் ஊர்ப் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட ஆம்பியர் நிறுவனத்தைப் பின்னர் கிரீவ்ஸ் காட்டன் குழுமம் எடுத்துக்கொண்டது. 2021 நவம்பரில் ராணிப்பேட்டையில் பெரிய தொழிற்சாலையும் திறந்தது. இந்த ஒரே கம்பெனி, ரியோ என்ற பெயரில் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும் மெதுவண்டியும் விற்கிறது. 2024-இல் வெளிவந்த நெக்ஸஸ் என்ற, மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டும் வண்டியும் விற்கிறது. இரண்டும் ஸ்கூட்டர்தான். சட்டத்தின் பார்வையில் ஒன்று மோட்டார் வாகனம், மற்றது மோட்டார் வாகனமே அல்ல!

மத்திய மோட்டார் வாகன விதிகள் வகுத்திருப்பது இதுதான். மோட்டாரின் 30 நிமிட வலு 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தின் சான்றோடு அதைப் பதிவின்றி ஓட்டலாம். லைசென்ஸ் வேண்டாம், இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. மிதிக்கும்போது மோட்டார் துணை செய்யும் மின்சார சைக்கிளும் இந்த வகையில்தான் சேரும். இந்த வரம்பைத் தாண்டிய எல்லா வண்டிக்கும் ஆர்.டி.ஓ. பதிவு, நம்பர் பிளேட், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு.

கடைப் பையன்களில் பலருக்கு லைசென்ஸ் இல்லை என்பது நாம் அறிந்ததே. "பேப்பர் எதுவும் தேவையில்லை" என்று விற்பனையாளர் சொன்னதும் முதலாளிகள் மெதுவண்டிக்குத் தாவுவதற்கு அதுவே காரணம். காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்த 250 வாட் என்ன சுமக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 26 கிலோ சிப்பம் இரண்டு. (25 கிலோ சிப்பம் ஏன் 26 கிலோ ஆயிற்று என்பதை 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. பார்த்த நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) ஓட்டுகிற ஆள் 65 கிலோ. பேட்டரியோடு வண்டி 70 கிலோவுக்கு மேல். மொத்தம் 190 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் இந்தப் பாரத்தை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கச் சக்கரத்தில் ஏறக்குறைய 220 வாட் போதும். ஆகவே ஆம்பூர் கடைத்தெருவிலோ, வேலூர் லாங் பஜாரிலோ, அந்த நெரிசலில் இதற்கு மேல் வேகம் யாருக்கும் தேவைப்படாது. மெதுவண்டி தாராளமாகப் போதும்.

இனி ஏற்றத்தைப் பாருங்கள். 20 அடி தூரத்துக்கு ஓர் அடி உயரும் சாதாரண மேட்டில், அதே பாரத்தை அதே 250 வாட் மோட்டார் மணிக்கு 6, 7 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இழுக்காது. பக்கத்தில் வேகமாக நடப்பவர் முந்திவிடுவார். மோட்டார் சிறிது நேரத்துக்குத் தன் அளவுக்கு மேல் வலுவைக் கொடுக்கும். ஒரு பாலம் ஏறி இறங்க அது உதவும். ஆனால் விதியில் "30 நிமிட வலு" என்று எழுதியிருப்பதை மறந்துவிடக் கூடாது. அதற்கு மேல் தொடர்ந்து இழுத்தால் மின்சாரத்தில் பெரும் பகுதி சூடாகத்தான் போகும். சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் பொருத்திய வண்டிகளில் இது இன்னும் அதிகம். ஏனென்றால் சக்கரம் மெதுவாகச் சுழன்றால் மோட்டாரும் மெதுவாகவே சுழலும். கியர் மாற்றித் தப்பிக்க வழியில்லை.

ஏலகிரிக்குச் சரக்கு ஏற்றுகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். 14 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 600 மீட்டருக்கு மேல் ஏற்றம். நாம் சொன்ன 190 கிலோ பாரத்தை மேலே கொண்டு சேர்க்க, இழப்புகளையும் சேர்த்தால், அரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகும். 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரி வைத்த மின்சார சைக்கிளில் மொத்தமே யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். பாதி மலையில் நின்றுவிடும். ஸ்கூட்டர் வகை மெதுவண்டியில் மின்சாரம் போதும். ஆனால் மோட்டார் 2 மணி நேரம் விடாமல் இழுக்க வேண்டியிருக்கும். அது அதற்குச் செய்யப்பட்டதல்ல. 3 யூனிட் பேட்டரியும் சில கிலோவாட் மோட்டாரும் உள்ள முழு வலு வண்டி, பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவழிக்காமல் அதே மலையை ஏறிவிடும். இறங்கும்போது பிரேக்கும் உறுதியாக இருக்கும். மலைக்கு முழு வலு வண்டிதான் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

மேல்நாடுகளில் மலையேறும் மின்சார சைக்கிள்காரர்களிடமும் இதே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பாவிலும் சைக்கிளுக்கு 250 வாட், 25 கிலோமீட்டர் என்ற அதே வரம்புதான். ஆனாலும் ஒரே 250 வாட் முத்திரையோடு இரண்டு வகை சைக்கிள்கள் விற்கின்றன. ஜெர்மனியின் பாஷ் கம்பெனியின் பெரிய மோட்டாரில் முறுக்கு விசை 85 நியூட்டன் மீட்டர். 2020-இல் அமெரிக்காவின் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி கொண்டுவந்த எடை குறைந்த சைக்கிளில் அது 35 மட்டுமே. பேட்டரியும் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குதான். முன்னது கனமானது, ஆளை இழுத்துக்கொண்டு ஏறும். பின்னது தூக்கவும் திருப்பவும் லேசு; ஆனால் ஓட்டுகிறவரும் மிதிக்க வேண்டும். நமக்கு மலைச் சைக்கிள் தேவையில்லை. நமக்கு வேண்டிய விஷயம் வேறு: விளம்பரத்தில் வாட் எவ்வளவு என்பதை மட்டும் படித்தால் போதாது. நம் மெக்கானிக்குகள் "டார்க்" என்று சொல்லும் முறுக்கு விசை எவ்வளவு, எத்தனை கிலோ ஏற்றலாம் என்று கம்பெனி எழுதியிருக்கிறது என்ற இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

மெதுவண்டியைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமல்ல. சந்து பொந்துகளில் நுழையும். கடைப்படியில் ஓர் ஆளே தூக்கி ஏற்றிவிடலாம். மிதிவண்டி வகையாக இருந்தால் சார்ஜ் தீர்ந்தாலும் மிதித்துக்கொண்டு வீடு வந்து சேரலாம். 2, 3 கிலோமீட்டர் சுற்றில், ஒரு நடைக்கு ஒரு சிப்பமும் ஒரு பையும் அனுப்புகிற சில்லறைக் கடைக்கு இதுவே போதும். அக்கம்பக்கத்துக் கடைக்காரர் வாங்கினார் என்பதற்காக ஒரு லட்ச ரூபாய் வண்டியை நிறுத்தி வைப்பது வீண். ஆனால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே 25 கிலோமீட்டர் வேகத்தில் பையனை அனுப்பக் கூடாது. மண்டியிலிருந்து மூட்டை எடுக்கவும் இது ஆகாது. 100 கிலோவுக்கு மேல் என்றால் எந்த இருசக்கர வண்டியும் ஆகாது; லோடு ஆட்டோதான்.

இந்த இரண்டு சாதிக்கும் நடுவே மூன்றாவது ஒன்று உலவுகிறது. நாம் அஞ்சுவது அதற்குத்தான். பெயருக்கு மெதுவண்டி, ஒரு வயரைக் கழற்றிவிட்டாலோ, கண்ட்ரோலரை மாற்றிவிட்டாலோ 45, 50 கிலோமீட்டர் ஓடும். "வேகம் ஏற்றித் தருகிறோம், நம்பர் பிளேட்டும் வேண்டாம்" என்று சொல்லி விற்கிறார்கள். அப்படி மாற்றிய நிமிடமே அது பதிவு செய்யாத மோட்டார் வாகனமாகிவிடுகிறது. 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவருக்கு 5,000 ரூபாய் அபராதம். ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்கும் 5,000 ரூபாய். இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000 ரூபாய். பதிவின்மைக்குத் தனி. ஓட்டியவன் 18 வயது நிரம்பாதவனாக இருந்தால் வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. அபராதத்தையாவது கட்டிவிடலாம். தெருவில் போகும் ஒருவர் மீது மோதி உயிர் போய்விட்டால், இன்சூரன்ஸ் இல்லாத நிலையில் நஷ்ட ஈடு முழுவதும் முதலாளி தலையில் விழும். கடையையே விற்க நேரலாம். பில்லும், சோதனைச் சான்றின் நகலும் தராத கடையில் வண்டி வாங்கவே வேண்டாம். புனேயிலும், மானேசரிலும், நம் ஓரகடத்திலும் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையங்கள் இருக்கின்றன.

அடுத்து நெருப்பு. 2022 மார்ச்சில் வேலூரில் நடந்ததை நாம் மறக்க முடியாது. இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் அவருடைய மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் வேறு இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. அதன் பிறகே மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரத்தைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரண்டு கட்டமாக நடைமுறைப்படுத்தியது. ஆகவே அதற்கு முன் தயாரான வண்டியைப் பழைய விலைக்கு வாங்குவது நல்லதல்ல. பேட்டரியில் எல்.எஃப்.பி. என்ற இரும்பு பாஸ்பேட் வகை வெயிலைச் சற்று அதிகம் தாங்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊருக்கு அதுவே பொருந்தும். மலிவு மெதுவண்டிகளில் வரும் ஈய–அமில பேட்டரி எளிதில் தீப்பற்றாது. ஆனால் கனம் அதிகம், விரைவில் சோர்ந்தும் போகும்.

மளிகைக் கடையில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை. நம் கிடங்கில் இருப்பதெல்லாம் சாக்கு, எண்ணெய் டின், தீப்பெட்டி பண்டல், கற்பூரம். அதன் நடுவே வண்டியை விட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டி, இரவெல்லாம் சார்ஜ் போடுவது கூடவே கூடாது. கடை திறந்திருக்கும் நேரத்தில், ஆள் கண்ணெதிரே, வாசல் பக்கத்துத் திண்ணையில் போடுங்கள். வெயிலில் ஓடி வந்த வண்டியை அரை மணி நேரமாவது நிழலில் ஆறவிட்ட பிறகே சார்ஜரைச் செருக வேண்டும். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்வதும் அவசியம். மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் போட்டால், தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் இறங்கி வர வழியிருக்காது.

பணக் கணக்கு சுருக்கமானது. நாளுக்கு 30 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 9,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 200 லிட்டர், அதாவது 20,000 ரூபாய். முழு வலு மின்சார ஸ்கூட்டருக்கு ஏறக்குறைய 300 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 3,000 ரூபாய். மெதுவண்டிக்கு இன்னும் குறைவு. மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டு முதல் 5 சதவீதம். சிறிய பெட்ரோல் வண்டிகளுக்கு 28-ஆக இருந்த வரி 2025 செப்டம்பரில் 18-ஆகக் குறைந்ததால் விலை வித்தியாசம் முன்போல் இல்லை. மானியத்தை நம்ப வேண்டாம். 2024 மார்ச்சில் முடிந்த ஃபேம் 2 திட்டம் மெதுவண்டிகளுக்குக் கொடுக்கவே இல்லை. அடுத்து வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்திலும் பேட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு 2024–25-இல் 5,000 ரூபாயாக இருந்தது 2025–26-இல் 2,500 ஆயிற்று. பேட்டரியைத் தனியே மாற்றும்போது வரி 18 சதவீதம் என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஷோரூமில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்குவது நம் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். இரண்டு சிப்பத்தைக் கையோடு கொண்டுபோய் வண்டியில் வைத்து, காட்பாடி ரயில்வே மேம்பாலம் போன்ற ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். பாதியில் நிறுத்தி மறுபடியும் கிளப்பிப் பாருங்கள். இறங்கும்போது பிரேக் பிடித்துப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் மேற்கொண்டு விலை பேச வேண்டியதில்லை.