மூன்று கிலோ கண்ணாடியும் மலைப்பாதையும்

டெலிபோட்டோ லென்ஸின் கனம் அதன் நீளத்தில் இல்லை, முன்கண்ணாடியின் அகலத்தில் இருக்கிறது. 600 மி.மீ. எஃப்/4 என்று எழுதியிருந்தால் 600-ஐ 4-ஆல் வகுக்க வேண்டும். வருகிற 150 மி.மீ.தான் முன்பக்கத் திறப்பின் குறைந்தபட்ச அகலம், அதாவது சின்ன டிபன் தட்டு அளவு. அதே 600 மி.மீ. லென்ஸ் எஃப்/6.3 ஆக இருந்தால் 95 மி.மீ. போதும். அகலம் கூடக் கூடக் கண்ணாடியின் தடிமனும் கூட வேண்டியிருக்கிறது. ஒரே வடிவக் கண்ணாடி என்று வைத்துக்கொண்டால், 95-லிருந்து 150-க்குப் போகும்போது கன அளவு ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். அந்தக் கண்ணாடியைத் தாங்கும் குழல், அதைப் பிடிக்கும் வளையம், முன்னால் மாட்டும் மூடாக்கு எல்லாமே அந்த அளவுக்கு ஏற்பப் பெரிதாகும். தர்மபுரி மாவட்டத்தில் தீர்த்தமலைப் படிகளிலோ சித்தேரி மலைச் சரிவிலோ ஏறுகிறவரின் தோளில் வந்து உட்காரும் கனம் இந்த வகுத்தல் கணக்கிலிருந்து வருவது.

அகலம் வேண்டியிருந்ததற்குக் காரணம் வெளிச்சம். ஃபிலிம் காலத்தில் நல்ல வண்ணம் தரும் சுருள்களின் உணர்திறன் ஐஎஸ்ஓ 100-ஐ ஒட்டியே இருந்தது. மரநிழலில் அசையும் விலங்கை மங்கலின்றிப் பிடிக்க, எவ்வளவு வெளிச்சம் கிடைத்தாலும் போதாது. எஃப்/4 லென்ஸ் எஃப்/6.3 லென்ஸைப் போல இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அந்த இரண்டரை மடங்குக்காகத்தான் அத்தனை சுமையும்.

தமிழ்நாட்டில் இந்தச் சுமையை முன்னோடியாகச் சுமந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்தார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்து, டெலிபோட்டோ லென்ஸ் பூட்டிய கேமரா ஒன்றைத் தனக்கென்று அமைத்துக்கொண்டு அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்தார். பெயரிலேயே கனம் ஒலிக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு நடந்தும், யானை முதுகில் அமர்ந்தும் அவர் எடுத்த காட்டு யானைப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. பென்னாகரம், முத்தூர், சின்னாறு பகுதிக் காடுகளில் அலைந்து, அந்த அனுபவங்களை 1954 முதல் புத்தகங்களாக எழுதிய வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் தோளில் தொங்கியது வேறொரு சுமை. அவருடைய .405 வின்செஸ்டர் துப்பாக்கியின் எடை நான்கு கிலோவை ஒட்டியது. இன்றைய பெரிய லென்ஸும் கேமராவும் சேர்ந்தால் ஏறக்குறைய அதே எடைதான். ஆனால் துப்பாக்கி மெலிந்தது, தோளில் ஒட்டிக்கொள்ளும். லென்ஸ் பருத்தது, ஒட்டாது.

கடந்த கால் நூற்றாண்டில் எடை இறங்கிய விதம் கவனிக்கத்தக்கது. கேனன் நிறுவனம் 1999-இல் வெளியிட்ட, நடுக்கம் தணிக்கும் வசதியுள்ள 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் 5.36 கிலோ. அதற்கு அடுத்த வடிவம் 3.92 கிலோ. 2018-இல் வந்த மூன்றாவது வடிவம் 3.05 கிலோ. மறு ஆண்டு வந்த சோனியின் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸும் ஏறத்தாழ அதே எடை. வகுத்தல் கணக்கு மாறவில்லை, முன்கண்ணாடியும் சிறுக்கவில்லை. மாறியது உள்ளே இருக்கும் அடுக்கு. முன்பக்கம் நெருக்கமாக நின்ற தடித்த கண்ணாடிகளைப் பின்னால், குழல் குறுகும் இடத்துக்குத் தள்ளினார்கள். அங்கே அதே வேலையைச் சிறிய கண்ணாடி செய்துவிடும். ஃப்ளூரைட் படிகத்தையும், குழலுக்கு மெக்னீசியக் கலவையையும் பயன்படுத்தினார்கள். இதில் பலர் பேசாத லாபம் ஒன்று உண்டு. கனம் கேமராப் பக்கம் நகர்ந்ததால், கையில் பிடிக்கும்போது மூக்கு கவிழ்ந்துகொண்டு இழுப்பது குறைந்துவிட்டது. நிறைகுடத்தை மார்போடு அணைத்துப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. பிரான்சின் ஃப்ரெனெல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலங்கரை விளக்கங்களுக்காகத் தடித்த லென்ஸை வட்ட வட்டப் படிகளாக வெட்டி மெலிய வைத்தார். அவர் பெயர் தாங்கிய கண்ணாடி நிக்கானின் சில லென்ஸ்களுக்குள் நுண்ணிய வடிவில் வேலை செய்கிறது. 2018-இல் வந்த 500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ் 1.46 கிலோதான். 2020-இல் கேனன் 800 மி.மீ. எஃப்/11 என்று ஒன்றை 1.26 கிலோவில் கொண்டுவந்தது. ஃபிலிம் காலத்தில் எஃப்/11 டெலிபோட்டோ என்றால் சிரித்திருப்பார்கள். டிஜிட்டல் சென்சார் ஐஎஸ்ஓ 3200-இலும் தெளிவான படம் தருவதாலும், மிரர்லெஸ் கேமராக்கள் மங்கிய வெளிச்சத்திலும் ஃபோகஸ் பிடிப்பதாலும் அது இன்று நடக்கிறது. பறவை நோக்கும் பலர் வாங்குகிற 150-600 மி.மீ. ஜூம்கள் இரண்டு கிலோவை ஒட்டியும் 200-500 மி.மீ. ஜூம் 2.3 கிலோவாகவும் இருக்கின்றன. நடந்தே பார்க்க வேண்டிய இடத்துக்கு ஒன்றரை கிலோ லென்ஸே போதும் என்பது நியாயமான முடிவு. வைகறை நிழலில், மரக்கிளைகளுக்குப் பின்னாலுள்ள பச்சையைக் கரைத்துப் பறவையை மட்டும் தனித்துக் காட்ட வேண்டும் என்கிறவர் மட்டுமே மூன்று கிலோவுக்குப் போக வேண்டும்.

அந்த மூன்று கிலோ உடலை என்ன செய்கிறது? 500 மீட்டர் உயரத்துக்கு மூன்று கிலோவைத் தூக்கி ஏற்ற உடல் செலவழிக்கும் சக்தி சுமார் 14 கலோரி. ஓர் இட்லியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கணக்கு இப்படி இருக்க, ஏறி முடித்தவர் லென்ஸைச் சபிப்பது ஏன்? அந்தச் சுமை உடலில் தவறான இடத்தில் தொங்குகிறது. கேமராவோடு வரும் பட்டையைக் கழுத்தில் மாட்டினால், நான்கு கிலோவும் கழுத்தெலும்பில் ஓர் அங்குல அகலத்தில் அழுத்தும். அடி வைக்கும்போதெல்லாம் லென்ஸ் ஊஞ்சலாடி வயிற்றில் மோதும். ஒரு கை எப்போதும் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பாறையைப் பற்ற வேண்டிய நேரத்தில் அந்தக் கை கிடைக்காது.

சுமை தூக்குவதைப் பற்றி இந்தத் தர்மபுரி வட்டாரத்துக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. தலைச்சுமைக்குச் சும்மாடு, தண்ணீர்க் குடத்துக்கு இடுப்பு, கனம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் தோளில் காவடி. சாலை ஏறாத கோட்டூர் மலைக்குத் தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு எந்திரங்கள் கழுதை முதுகில்தான் போய்வந்தன. இடுப்பில் குடம் வைப்பதன் தத்துவம்தான் நல்ல முதுகுப்பையின் இடுப்புப் பட்டையிலும் இருக்கிறது. பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிக் கட்டினால் கனத்தின் பெரும்பகுதி தோளை விட்டு இடுப்புக்கு இறங்கி, நேரே கால்களுக்குப் போய்விடும். லென்ஸைப் பைக்குள் நெட்டுக்குத்தாக, முதுகெலும்பை ஒட்டி வைக்க வேண்டும். வெளிப்பக்கம் தள்ளி வைத்தால் அதே மூன்று கிலோ ஆளைப் பின்னுக்கு இழுக்கும். அவர் முன்னால் குனிந்தே ஏறுவார்.

பைக்குள் இருக்கும் லென்ஸுக்கு ஒரு குறை. பறவை காத்திருக்காது. ஜிப்பைத் திறந்து, மூடாக்கைத் திருப்பி மாட்டி, கேமராவை உயர்த்துவதற்குள் கிளை காலியாகியிருக்கும். டெலிபோட்டோவோடு நடப்பதன் சிக்கல் முழுக்க இதுதான்: உடலுக்குச் சுகமான இடத்தில் லென்ஸ் இருந்தால் கைக்கு எட்டாது, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் உடலுக்கு ஆகாது. அனுபவசாலிகள் பாதையைப் பிரித்துக்கொள்கிறார்கள். செங்குத்தான ஏற்றத்தில் பைக்குள். சமதரையிலும் ஆற்றங்கரையிலும் வெளியே. வெளியே எடுத்தபின் குறுக்குப் பட்டையை கேமராவில் மாட்டாமல் லென்ஸின் காலரில், அதாவது குழலைப் பிடித்திருக்கும் வளையத்தில், மாட்டுவது முக்கியம். கேமராவில் மாட்டினால் மூன்று கிலோவும், கேமராவும் லென்ஸும் பொருந்தும் இடத்தில் தொங்கி அதை நெளிக்கும். ஒன்றரை கிலோ லென்ஸுக்கு இந்தப் பட்டை தாராளம். மூன்று கிலோ என்றால், ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாடில் பூட்டி மண்வெட்டியைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பவர்கள் அதிகம். தோளில் படும் இடத்தில் மடித்த துண்டு, அதாவது சும்மாடு. இதில் உள்ள ஆபத்து, நடையின் அதிர்வில் மோனோபாட் தலையின் திருகு மெல்ல மெல்லத் தளர்வது. தலைக்குப் பின்னால் இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. காலரிலிருந்து பைப் பட்டைக்கு ஒரு சிறு கயிறு கட்டிவைத்தால், திருகு விட்டாலும் லென்ஸ் பாறையில் விழாது.

பழைய நடைபாதைகளில் சுமைதாங்கிக் கல் நிற்கும். இரண்டு கல்தூண்கள், மேலே கிடையாக ஒரு பலகைக்கல். கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக நடப்பட்டது. தலைச்சுமைக்காரர் பிறர் உதவியின்றிச் சுமையைத் தள்ளி வைக்கவும், மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரம் அது. தரையில் இறக்கிய சுமையை மீண்டும் தூக்குவதுதான் கஷ்டம் என்று அதை நட்டவர்களுக்குத் தெரியும். லென்ஸ்காரரும் ஓய்வுக்கு இடுப்புயரப் பாறையையோ மதில் விளிம்பையோ தேடுவது அதனால்தான். குனிந்து தரையிலிருந்து எட்டு கிலோ பையை முறுக்கித் தூக்கும் கணத்தில்தான் பெரும்பாலும் முதுகு பிடித்துக்கொள்கிறது.

எட்டு கிலோ எங்கிருந்து வந்தது? லென்ஸ் 3, கேமரா 1, மோனோபாட் அரை, பை ஒன்றரை, ஆறு ஆயிற்று. மிச்சம் தண்ணீர். மார்ச் முதல் மே வரை தர்மபுரி வெயிலில் அரைநாள் நடைக்கு இரண்டு லிட்டருக்குக் குறைந்து போகக் கூடாது. மூன்று கேட்டாலும் வியப்பில்லை. எடையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது தண்ணீரில்தான், அதுதான் தப்பு. குறைக்க வேண்டியது டிரைபாட். நடுக்கம் தணிக்கும் வசதி வந்தபின் இரண்டு கிலோ டிரைபாடும் அதன் ஒன்றரை கிலோ ஊஞ்சல் தலையும் நடைக்குத் தேவையற்றவை. வெயில் ஏறியபின் சூடான பாறைகளுக்கு மேல் காற்று நெளியத் தொடங்கிவிடும். அந்த நெளிவின் ஊடாக எடுத்த படத்தை எந்த லென்ஸாலும் காப்பாற்ற முடியாது. காலை ஒன்பதரை, பத்துக்குள் வேலையை முடித்துக்கொள்வது படத்துக்கும் நல்லது, தண்ணீர்ச் சுமைக்கும் நல்லது.

இடத்துக்கு இடம் கணக்கு மாறும். தீர்த்தமலையில் கோயிலுக்குப் போகும் படிகள்; பை இடுப்பில் இறுகியிருந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும். காப்பியும் மிளகும் விளையும் வத்தல்மலைக்கு வளைவு வளைவாகச் சாலை போகிறது. கனத்தை வண்டியிலேயே மேலே கொண்டுபோய், தோட்டங்களின் நிழலில் சமதரையாக நடக்கலாம். ஒகேனக்கல்லில் வேறு கதை. காவிரிக் கரை நீர்மருது மரங்களின் உச்சியில் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. அதைப் படமெடுக்க லென்ஸை அண்ணாந்து தூக்க வேண்டும், மோனோபாட் உதவாது. மூன்று கிலோவை அப்படி ஒரு நிமிடம் பிடித்தால் கை நடுங்கும். வளர்ந்த அணிலின் எடை ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் கிலோ வரை. தன் எடைக்கு மேல் கனக்காத லென்ஸைத்தான் அது ஏற்றுக்கொள்ளும் போலிருக்கிறது. அருவிச் சாரல் பக்கம் லென்ஸுக்கு மழையுறை வேண்டும். பரிசலில் ஏறினால் நீர் புகாத பைக்குள் போய்விட வேண்டும். பொட்டலத்தோடு பையைத் திறந்து வைத்தால் குரங்கு வரும்.

அருவியைச் சுற்றியுள்ள காட்டில் நினைத்தபடி நடக்க முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கி.மீ. பரப்பில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழையவும் படமெடுக்கவும் அனுமதி வேண்டும். அனுமதியோடு போகிறவருடன் வழி தெரிந்த வனத்துறை ஆள் வருவது நல்லது. யானை நடமாட்டமுள்ள காடு இது. எட்டு கிலோவோடு ஓட முடியாது என்பதால், யானைப் பகுதியில் இடுப்புப் பட்டையின் கொக்கியும் மார்புக் கொக்கியும் ஒரே அழுத்தத்தில் விடுபடுவதாக இருக்க வேண்டும். பையைப் போட்டுவிட்டு நகர முடிய வேண்டும்.

இறக்கத்தில் முழங்கால்தான் அடி வாங்கும். ஒவ்வொரு படியிலும் உடல் எடையோடு சுமையும் சேர்ந்து மூட்டில் இறங்குகிறது. சரளைக் கல்லில் கால் வழுக்குவதும் இறங்கும்போதுதான். அதனால் இறங்கத் தொடங்குமுன் லென்ஸைப் பைக்குள் வைத்து, மோனோபாடை ஊன்றுகோலாக்கிச் சின்ன அடிகளாக வைத்து வருவது வழக்கம். வீடு சேர்ந்ததும் பையை மூடியபடி போட்டுவைக்கக் கூடாது. முதுகு வியர்வையில் ஊறிய பஞ்சு ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். கண்ணாடியில் பூஞ்சை பிடிக்க அது போதும். லென்ஸை வெளியே எடுத்து, பையை விரித்து மின்விசிறிக்குக் கீழே இராமுழுக்க விட வேண்டும்.