பால்சார் நிறக்கலப்புக் கோழிக்குஞ்சுகள்

பால்சார் நிறக்கலப்பு என்பது, பொரித்த நாளிலேயே குஞ்சின் தூவி நிறத்தைக் கொண்டு அது சேவலா பெட்டையா எனப் பிரித்தறிய உதவும் கோழிக் கலப்பு முறை ஆகும். குறிப்பிட்ட நிற மரபணுக்களை உடைய சேவலையும் பெட்டையையும் இணைத்தால் மட்டுமே இம்முறை பயன் தரும். பெற்றோர் தெரியாத கலப்பினக் குஞ்சுகளில் நிறத்தைக் கொண்டு பாலைக் கூறுவது வெறும் ஊகமே ஆகும்.

மரபியல் அடிப்படை

சேவலுக்கு இரண்டு 'இசட்' நிறப்புரிகளும், பெட்டைக்கு ஓர் 'இசட்', ஒரு 'டபிள்யூ' நிறப்புரியும் உள்ளன. எனவே தாயின் இசட் நிறப்புரி ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே செல்கின்றது. பெண் குஞ்சுகள் தமது இசட் நிறப்புரியைத் தந்தையிடமிருந்தே பெறுகின்றன. சில நிற மரபணுக்கள் இந்நிறப்புரியில் அமைந்துள்ளன. தாயிடம் ஓங்கு மரபணுவும், தந்தையிடம் ஒடுங்கு மரபணு மட்டுமே இருந்தால், ஆண் குஞ்சுகள் தாயின் நிறப்பண்பையும் பெண் குஞ்சுகள் தந்தையின் நிறப்பண்பையும் காட்டும்.

அறியப்பட்ட கலப்புகள்

வரியிறகு: ரோட் ஐலண்டு ரெட் சேவலை வரியிட்ட பிளிமத் ராக் பெட்டையுடன் இணைத்தால் கறுப்புக் குஞ்சுகள் கிடைக்கும். ஆண் குஞ்சின் தலையில் வெண்புள்ளி இருக்கும். பெண் குஞ்சில் இராது.

வெள்ளி, பொன்: ரோட் ஐலண்டு ரெட் சேவலை லைட் சசெக்ஸ் பெட்டையுடன் இணைத்தால் ஆண் குஞ்சுகள் வெளிர் மஞ்சளாகவும், பெண் குஞ்சுகள் செம்பழுப்பாகவும் இருக்கும்.

வரலாறு

வரியிறகுப் பண்பு பாலுடன் இணைந்தது என்பதை அமெரிக்கரான வில்லியம் ஸ்பில்மன் 1908 இல் விளக்கினார். குஞ்சுகளைப் பிரிக்க இப்பண்பைப் பயன்படுத்தலாம் என்பதை முதல் உலகப் போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டின்போது ஆங்கிலேய மரபியலாளர் ரெஜினால்டு பன்னெட் வலியுறுத்தினார்.

வரம்புகள்

கலப்பின் திசையை மாற்றினால், அதாவது வரியிட்ட சேவலைச் சிவப்புப் பெட்டையுடன் இணைத்தால், குஞ்சுகள் அனைத்தும் வெண்புள்ளியுடன் பிறக்கும். கலப்பினக் குஞ்சுகளையே வளர்த்து மீண்டும் இணைத்தாலும் அடுத்த தலைமுறையில் இம்முறை பயன்படாது. இரு பாலிலும் பாதி வரியுடனும் பாதி வரியின்றியும் தோன்றும். வெள்ளை லெகார்ன் கோழியின் ஓங்கு வெண்மை மரபணு ஏனைய நிறங்களை மறைத்துவிடும்.

விருதுநகர் வட்டாரத்தில்

பட்டாசு, தீப்பெட்டித் தொழில்கள் மிகுந்த சிவகாசி, சாத்தூர்ப் பகுதிச் சிற்றூர்களில் புறக்கடைக் கோழி வளர்ப்பு வீட்டுக்குத் துணை வருவாய் தருகின்றது. இங்கு வளர்க்கப்படும் சிறுவிடை, பெருவிடைக் கோழிகள் பல நிறத்தன. திறந்தவெளியில் மேய்வதால் குஞ்சின் தந்தை எது என்பதும் பெரும்பாலும் தெரியாது. ஆகவே நிறத்தை நம்பி முட்டைக்கென வாங்கும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவலாக அமையலாம். அவற்றுக்கு இடும் தீவனம் முட்டையாகத் திரும்பாது. தெருக்களில் விற்கப்படும் சாயக் குஞ்சுகளின் நிறம் மரபு சார்ந்ததே அன்று. அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் கழித்த ஆண் குஞ்சுகள் ஆகும்.

இம்முறையைத் தாமே கையாள விரும்புவோர், தெரிந்தெடுத்த பெட்டைகளை ஏனைய சேவல்களிடமிருந்து குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே பிரித்து வைத்தல் வேண்டும். பெட்டையின் உடலில் விந்தணுக்கள் இரண்டு, மூன்று வாரங்கள் வரை உயிர்ப்புடன் தங்கக்கூடும் என்பதே இதன் காரணம். பெற்றோர் தெரியாத குஞ்சுகளை வளர்ப்போர், 6 முதல் 8 வாரங்களில் சேவல்களின் கொண்டை பருத்துச் சிவக்கும் வரை காத்திருப்பதே நம்பகமானது.