தேய்மானமும் தீர்மானமும்: லொறியின் காற்று வடிகட்டியை எப்போது மாற்றுவது?

பொறிகளை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது என்னும் வினா அரசியற் பொருளாதாரத்துக்குப் புதிதன்று. 1858ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி மார்க்ஸ் எங்கெல்சுக்கு எழுதிய கடிதமொன்றில் இதனையே கேட்டார். மான்செஸ்டரிற் பெரும்பாலான பொறிகள் சராசரியாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன என்ற பாபேஜின் கூற்று அவருக்கு ஐயம் தந்திருந்தது. பஞ்சாலை அலுவலை நேரில் அறிந்த எங்கெல்ஸ் இரண்டு நாளில் விடையளித்தார்: கணக்கேட்டில் ஆண்டுதோறும் 7½ வீதம் தேய்மானமாகக் கழிக்கப்படுகிறது, ஆகவே ஆயுள் 13⅓ ஆண்டு. சராசரி எண்ணொன்றை அப்படியே ஏற்காமல், தொழிலகத்தினுள் இருப்பவரிடம் கேட்டறிய முற்பட்ட இம்முறையே நமக்கு இங்கு பயன்படுவது.

கராச்சில் 'எயார் பில்டர்' என வழங்கும் காற்று வடிகட்டி, லொறியின் உறுப்புகளுள் விலை குறைந்தவற்றுள் ஒன்று. ஆயினும் மிக விலையுயர்ந்த உறுப்பான எஞ்சினின் ஆயுள் அதனிற் தங்கியுள்ளது. ஒரு லீற்றர் டீசல் எரிவதற்குப் பத்தாயிரம் லீற்றருக்கும் மேற்பட்ட காற்றை எஞ்சின் உள்ளிழுக்கிறது. அக்காற்றோடு செல்லும் தூசு பிஸ்டன் ரிங்கிற்கும் லைனருக்கும் இடையிற் சிக்கி இரண்டையும் அராவுகிறது.

அல்லைப்பிட்டியில் இப்பிரச்சினை தனி உருவம் கொள்கிறது. வேலணைத் தீவின் கிழக்கு முனையிலுள்ள இவ்வூரும், பெயரிலேயே மணற்குவியலைக் கொண்ட அயலூரான மண்கும்பானும் கட்டட வேலைக்கு மணல் ஏற்றப்பட்ட இடங்கள். கண்ணுக்குத் தெரியும் மணல்மணி எஞ்சினுக்குப் பெரும் பகையன்று. அது வழியிலேயே விழுந்துவிடும். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்களவான நுண்துகளே அஞ்சத்தக்கது. தீவுத் தெருக்களின் வெண்ணிறச் சுண்ணக்கல் தூசு பார்ப்பதற்குப் பயங்கரமானது. கடினத்தன்மையிலோ மணலின் குவார்ட்ஸ் அதனை வெகுவாக விஞ்சுவது. சுண்ணக்கல்லின் கடினத்தன்மை மோஸ் அளவில் 3, குவார்ட்ஸ் 7. தூசின் நிறத்தைக் கொண்டு ஆபத்தை மதிப்பிடுவோர் ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

உற்பத்தியாளரின் கைந்நூல் இத்தனை ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை என்று ஓர் எண்ணைத் தருகிறது. ஆனால் அல்லைப்பிட்டியிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாண நகரை அடையப் பத்துக் கிலோமீற்றரும் இல்லை. லொறி ஓடும் தூரம் சிறிது. மணல் ஏற்றுமிடத்தில் எஞ்சின் இயங்கியபடி நிற்கும் நேரமோ பெரிது. மைல்கணக்கு இங்கே பொய்யுரைக்கிறது. சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் ஏறும் தூசும், மாரியில் நனைந்த நிலத்தில் ஏறும் தூசும் ஒன்றல்ல. பிற தேசத்து நெடுஞ்சாலையிற் கணிக்கப்பட்ட சராசரியை இத்தீவின் மீது ஏற்றுவது, வரலாற்று நிலைமைகளை ஒதுக்கிவிட்டு இலக்கியத்துக்கு விதி வகுப்பதை ஒத்தது.

அடிக்கடி மாற்றிவிட்டால் தீங்கில்லை என்று கருதுவாரும் உளர். அதுவும் தவறு. காகித வடிகட்டியின் மேற் படியும் முதற் தூசுப் படலம் தானே மேலுமொரு வடிகட்டியாகத் தொழிற்படுகிறது. புதியதைவிடச் சிறிது பழகியது நன்றாகப் பிடிக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தூசு உள்ளே விழவும், றப்பர் வளையம் சரியாக அமராமற்போகவும் இடமுண்டு. நிலத்திற் தட்டி, கொம்பிரசரால் ஊதி மீண்டும் பூட்டும் வழக்கம் இன்னும் கேடானது. அவ்வழக்கத்தை அறியாமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1990களின் முற்பகுதியில் குடாநாட்டுக்கு உதிரிப்பாகங்கள் வருவது தடுக்கப்பட்டிருந்த காலத்தை நினைவிற் கொள்ளல் வேண்டும். எனினும் ஒன்று தெளிவு. அடைபட்ட வடிகட்டி கறுப்புப் புகையாலும் இழுவைக் குறைவாலும் தன்னை அறிவிக்கும். கிழிந்த வடிகட்டி எதையும் அறிவிக்காது. எஞ்சின் ஒயில் குடிக்கத் தொடங்கும்போதுதான் தெரியவரும்.

அப்படியாயின் அளவுகோல் எது? வடிகட்டி காற்றுக்குத் தரும் தடையே அளவுகோல். வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயில் அதற்கான துவாரம் பல லொறிகளில் உண்டு. மூன்றடிக்கும் மேற்பட்ட உயரத்தில் 'U' வடிவாக வளைத்த தெளிந்த பிளாஸ்ரிக் குழாயிற் பாதிக்குத் தண்ணீர் விட்டு அங்கே பொருத்தினால், இரு கைகளின் நீர்மட்ட வேறுபாடு தடையைக் காட்டும். டர்போ இல்லாத எஞ்சினை நின்ற நிலையில் முழு வேகத்திற் சுழலவிட்டு அளக்கலாம். டர்போ உள்ளதைப் பாரத்தோடு ஓடும்போதே அளக்க வேண்டும். பெரும்பாலான டீசல் லொறிகளுக்கு ஏறத்தாழ 25 அங்குலமே எல்லை. உற்பத்தியாளர் வேறு எண் தந்திருப்பின் அதனையே கொள்க.

இதில் உடைமை உறவு குறுக்கிடுகிறது. வடிகட்டியின் விலை முதலாளியின் கையிலிருந்து இன்றே போவது. லைனரின் தேய்மானம் பின்னொரு நாளைக்குரியது. இழுவை குறைவதை முதலில் உணர்பவர் சாரதி. அதே தூசைத் தமது நெஞ்சினுள் இழுப்பவரும் அவரே. அவருக்கும், மணல் வாரி ஏற்றுவோருக்கும் வடிகட்டி கிடையாது. நடைக்கணக்கிற் கூலி பெறுபவர் லொறியை நிறுத்தி அளக்க நேரம் செலவிடின் அவரது வருவாயே குறையும். எனவே அளக்கும் நேரமும் வேலைநேரமாகக் கொள்ளப்படல் வேண்டும். மாற்றும் அதிகாரமும் அளப்பவரிடமே இருத்தல் வேண்டும்.

ஒவ்வொரு அளவையும் திகதியோடும் நடை எண்ணிக்கையோடும் ஒரு கொப்பியிற் குறித்துவந்தால், ஓராண்டு கழியுமுன் அந்த லொறிக்கேயுரிய கணக்குக் கிடைத்துவிடும்: சோளகத்தில் இத்தனை நடை, மாரியில் இத்தனை நடை என்று.